பழைய காரின் பம்பர்: ஓட்டை அடைத்து, சமப்படுத்தி, முலாம் ஏற்றும் வரை

குரோம் பூசிவிட்டால் எல்லாக் குறையும் மறைந்துவிடும் என்று நம்பித்தான் பலர் பழைய பம்பர்களை வீணாக்குகிறார்கள். நடப்பது நேர்மாறு. பம்பரில் நாம் காணும் குரோம் படலம் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. பெரும்பாலும் அரை மைக்ரோன்கூட இராது. அதன் கீழே 20 முதல் 30 மைக்ரோன் நிக்கல், அதற்கும் கீழே செம்பு. இவ்வளவு மெல்லிய பூச்சு ஒரு நெளிவையும் நிரப்பாது, ஓர் அரக்கீறலையும் ஒளிக்காது. மினுக்கம் ஏற ஏற அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். பெயின்ற் அடித்த கதவில் கண்ணுக்கே படாத அரை மில்லிமீற்றர் பள்ளம், குரோம் பம்பரில் நாலடி தள்ளி நின்றாலும் தெரியும். ஆகவே பம்பர் வேலை என்பது முதலில் இரும்பு வேலை. முலாம் அதன் கடைசிப் படி மட்டுமே.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் பட்டணம். வாடைக் காலத்தில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் நிற்கும் கார் முழுவதும் படிய விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று தரைப் பக்கமிருந்து வரும். உப்புக் குறையும், புழுதி கூடும். அந்தப் புழுதி பம்பரின் உட்புறத்தில் ஏறி உட்கார்ந்து, முந்திய வாடையில் வந்த உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோடு ஒட்டிய வீடுகளில் நிற்கும் மொரிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ பாருங்கள். முன்முகம் ஓரளவு மினுங்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் செதில் செதிலாகக் கறள் உதிரும்.

காரணம் எளிது. குரோம் தொட்டியில் மின்சாரம் வெளிமுகத்துக்கும் விளிம்புகளுக்கும்தான் நன்றாக ஓடும். வளைவின் உட்புறத்துக்கு மிகக் குறைவாகவே போகும். அதனால் பின்பக்கத்தில் குரோம் அநேகமாக இல்லை, நிக்கலும் மெல்லியது. நாகம் (துத்தநாகம்) பூசிய கூரைத் தகட்டில் கீறல் விழுந்தால், நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படியல்ல. நிக்கலில் ஒரு நுண்துளை இரும்பு வரை இறங்கிவிட்டால், அந்த இடத்தில் இரும்புதான் வேகமாகக் கரையும், நிக்கல் அப்படியே நிற்கும். முன்முகத்தில் ஊசிமுனை அளவு செம்புள்ளி தெரியும்போது, அதன் அடியில் பள்ளம் பல மடங்கு அகலமாக இருக்கும்.

வேலையைத் தொடங்க முன் கையில் இருப்பது எந்த வகைப் பம்பர் என்று தெரிய வேண்டும். பழைய பிரித்தானியக் கார்களில் அநேகமாக மென் உருக்கு பிளேற்தான். தடிப்பு ஏறக்குறைய 14 கேஜ், அதாவது 2 மில்லிமீற்றர். சிலவற்றில் இதைவிடக் கொஞ்சம் மெல்லியதும் உண்டு. வேர்னியர் அளவுகோல் வைத்து நல்ல இடமொன்றில் அளந்து எழுதி வையுங்கள். ஸ்டெயின்லெஸ் பம்பரா என்று காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அநேகமாக ஸ்டெயின்லெஸ் என்று சொல்லலாம், ஒட்டினால் எதுவும் முடிவாகாது, ஏனெனில் சில ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் காந்தம் ஒட்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் ஆண்டையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் 1967 வரை வந்தது வளைந்த பிளேற், 1968 மாடலிலிருந்து சதுர வெட்டுடைய கனமான பம்பர். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தாது. ஸ்டெயின்லெஸ்ஸில் புதிதாகச் செய்த பிரதிகள் வியட்நாமிலிருந்து பல மாடல்களுக்கு வருகின்றன. பழையது மிகவும் தின்னப்பட்டிருந்தால் அதுவும் நியாயமான வழிதான். ஆனால் அவற்றிலும் ஓட்டைகளின் இடமும் வளைவும் உங்கள் காருக்குச் சரியாக வருமா என்று பொருத்திப் பார்த்தே ஏற்க வேண்டும்.

எந்த ஓட்டைகளை அடைப்பது? இதில் என் நிலைப்பாடு உறுதியானது. தொழிற்சாலை போட்ட ஓட்டைகளையும் உருண்டைத் தலை போல்ற்களையும் அசல் காரில் விட்டுவிடுங்கள். அந்தக் காரின் முகமே அவைதான். அடைக்க வேண்டியவை பிறகு வந்த சொந்தக்காரர்கள் துளைத்தவை: ஃபொக் லாம்ப் பூட்டத் துளைத்தது, பட்ஜ் பார் (சின்னங்கள் மாட்டும் கம்பி) பூட்டியது, நம்பர் பிளேற்றை இடம் மாற்றியது, கூடுதல் கார்ட் குழாய் பூட்டியது. அறுபது ஆண்டு ஓடிய காரின் பம்பரில் இப்படி ஏழெட்டு ஓட்டை இருப்பது சாதாரணம். போல்ற் தலையே தெரியாத வழுவழுப்பான பம்பர்தான் வேண்டும் என்பவர்கள் அதையும் செய்யலாம். அது அழகான வேலைதான், ஆனால் திரும்பிப் போக முடியாத வேலை. பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் முட்டுத்துண்டான ஓவர் ரைடரைக் கழற்றி அதன் ஓட்டையை அடைத்தால், பிறகு அதைப் பூட்ட மறுபடியும் துளைக்க வேண்டும், துளைத்த விளிம்பில் குரோம் உரியும்.

கழற்றும் வேலை. முதல் நாள் மாலையே நட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் காலை இன்னொரு முறை விடுங்கள். கழுத்தில் சதுரம் உள்ள போல்ற்கள் கறளில் சதுரத்தைத் தின்றுவிட்டுச் சுழலும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் நட்டை நெடுக்காக வெட்டி எடுங்கள். பிளேற்றை நெம்பக் கூடாது. கழற்ற முன்பே பம்பருக்கும் பொடிக்கும் (காரின் உடலுக்கும்) உள்ள இடைவெளியை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் ஒரு பிளைவூட் துண்டில் பம்பரின் மேல் விளிம்பை வரைந்து, அந்த வளைவை வெட்டி அச்சு எடுங்கள். முனைக்கு முனை நீளத்தையும் அதிலேயே எழுதுங்கள். வெல்டிங் சூட்டிலும் தட்டலிலும் பம்பர் விரியும், சுருங்கும். அச்சு இல்லாமல் அது தெரியவே தெரியாது. காரில் பூட்டும்போதுதான் ஒரு முனை பொடியில் முட்டும்.

பழைய குரோமை உரிப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். கிரைண்டர் பிடித்து உரித்தால் குரோமும் நிக்கலும் தூசியாக மூச்சில் போகும். ஹைட்ரோகுளோரிக் அசிட்டில் ஊறவைத்தால் குரோம் கரையும், ஆனால் அந்தப் பச்சை நீரை எங்கே ஊற்றுவது? நம் கரையோரம் முழுவதும் மணல்தரை, கிணறுகள் ஆழமில்லாதவை. கொல்லையில் ஊற்றியது கிணற்றுக்கு வரும். பற்றரி சார்ஜரை மறுதலையாகக் கொடுத்து உரிக்கும் முறையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். அதில் உருவாகும் மஞ்சள் நிறக் குரோம் சேர்மம் புற்றுநோய் தரக்கூடியது. வீட்டில் செய்யவே கூடாது. உரிக்கும் வேலையை முலாம் பட்டறைக்கே விடுங்கள். அவர்களிடம் அதற்கான தொட்டியும் கழிவு வைக்கும் வழியும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பம்பரைப் பட்டறைக்கு இரண்டு தடவை அனுப்புங்கள். முதல் தடவை உரிப்பதற்கு மட்டும். குரோமும் நிக்கலும் செம்பும் போய் வெறும் இரும்பாகத் திரும்பி வரட்டும். இரும்பு வேலையை இங்கே வைத்து ஆறுதலாக முடித்து, இரண்டாம் தடவை முலாமுக்கு அனுப்புங்கள். கொழும்புக்கு அனுப்புவதென்றால் இரண்டு போக்குவரத்துச் செலவு வரும், உண்மை. ஆனால் ஒரே தடவையில் கொடுத்தால் நிக்கலுக்கு அடியில் ஒளிந்திருந்த பள்ளங்கள் பட்டறையில்தான் வெளிவரும். அங்கே உள்ளவர் அதை வெல்டிங் செய்து நிரப்ப மாட்டார். பெரிய சாணையில் பிடித்துத் தேய்த்துத் தள்ளுவார். பள்ளத்தோடு சேர்ந்து பம்பரின் கூர்வரிகளும் தடிப்பும் போய்விடும். திரும்பி வரும் வெறும் இரும்புக்குப் பட்டறையிலேயே எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றச் சொல்லுங்கள். நம் காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவு திறந்து கிடந்தால் காலையில் செம்பழுப்பாக இருக்கும்.

வெறும் இரும்பு வந்ததும் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், முன்பக்கத்தை அல்ல. கீழ் மடிப்பு, பிராக்கெற் அழுந்தி நின்ற இடம், ஓவர் ரைடர் மறைத்திருந்த இடம் என்ற மூன்றிலும்தான் தண்ணீர் தங்கியிருக்கும். கூரான ஊசியால் அழுத்திக் குத்துங்கள், சிறு சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், தின்னப்பட்டது மந்தமாகச் சொல்லும். தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே போன இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்த நினைக்க வேண்டாம்; அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். மேலுக்கு மேல் தகடு வைத்து ஒட்டக் கூடாது. இரண்டு தகட்டுக்கு நடுவில் முலாம் தொட்டியின் அசிட் புகுந்து, மாதக் கணக்கில் கசிந்து, புதுக் குரோமை உள்ளிருந்து கொப்பளிக்க வைக்கும். விளிம்போடு விளிம்பு வைத்து முழு ஆழத்துக்கும் ஒட்டுவதுதான் ஒரே முறை.

நெளிவு எடுக்கும் வேலையை ஓட்டை அடைக்க முன்பே முடித்துவிடுங்கள். மணல் மூட்டையின் மேல் முகம் கீழாக வைத்து, பின்பக்கமிருந்து மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். நெளிவின் நடுவில் ஓங்கி அடிப்பது இயல்பாக வரும் பிழை. நடுவில் அடித்தால் உருக்கு இழுபட்டு நீண்டு, பிறகு எப்படித் தட்டினாலும் மேடாகவே நிற்கும். வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிளைவூட் அச்சை வைத்துப் பாருங்கள். மேடு பள்ளத்தைக் காண முகத்தில் மார்க்கர் மை பூசி, தட்டை அரத்தை ஒரு தடவை மெதுவாக இழுங்கள். மை போன இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம்.

இனி ஓட்டை. சதுர ஓட்டையாக இருந்தால் துளைத்து வட்டமாக்குங்கள். மூலைகளில் வெல்டிங் ஒழுங்காக இறங்காது. ஓட்டையைச் சுற்றி 25 மில்லிமீற்றர் அகலத்துக்கு, முன்னும் பின்னும், பளிச்சென்ற இரும்பு தெரிய வேண்டும். நிக்கலோ குரோமோ மிச்சம் இருந்தால் வெல்டிங் புகை நஞ்சாகும், ஒட்டும் கெடும். அதே தடிப்புள்ள மென் உருக்குத் தகட்டில் வட்டத் துண்டு வெட்டுங்கள். சுற்றிலும் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி போதும். இறுக்கமாக அடித்து ஏற்றினால் உருக்கு அடிவரை இறங்காமல் மேலோடு நின்றுவிடும். முகத்தோடு சமமாகவோ மிகச் சிறிது உயர்ந்தோ துண்டு நிற்க வேண்டும், தாழ்ந்து நிற்கக் கூடாது. பின்னால் செப்புத் தகடொன்றை அழுத்திப் பிடியுங்கள். ஏசி வேலை செய்பவர்களிடம் மிஞ்சும் செப்புக் குழாயைப் பிளந்து தட்டையாக்கினால் போதும். உருக்கு செம்பில் ஒட்டாது. சூட்டையும் செம்பு இழுத்துக்கொள்ளும்.

இதற்கு டிக் (TIG) வெல்டிங்தான், அதாவது கம்பியைக் கையால் ஊட்டி ஒட்டும் முறைதான், முதல் தெரிவு. 2 மில்லிமீற்றர் உருக்குக்கு 60 முதல் 80 ஆம்பியர், 1.6 மில்லிமீற்றர் மென் உருக்குக் கம்பி. ஒட்டு மென்மையாக இருக்கும், சுற்றியுள்ள இரும்போடு ஒரே அளவில் அரத்துக்குத் தேயும். நல்ல கையிடம் கேஸ் வெல்டிங்கும் அதே அளவு மென்மையாக வரும், சூடுதான் அதிகம் பரவும். கம்பி தானாக ஓடிவரும் மிக் (MIG) வெல்டிங் என்றால் 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பி. ஒட்டு கடினமாக இருக்கும். அரம் போடும்போது கடினமான ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள மென் இரும்பு தேயும். கடைசியில் ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம், குரோம் ஏறியதும் கண்ணில் குத்தும். மிக்கால் ஒட்டியிருந்தால், ஒட்டை மங்கிய சிவப்பு வரை சூடாக்கித் தானாக ஆற விடுங்கள், கடினம் குறையும். கேற், கிரில் வேலைக்கான சாதாரண ஆர்க் கம்பி இங்கே வேண்டாம். கசடு உள்ளே சிக்கி நுண்துளை விடும்.

எதிரெதிராக நாலு புள்ளி வைத்துப் பிடித்த பின், சிறு சிறு துண்டாக ஒட்டி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் கை வைக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் தகடு சுருங்கிக் கோணும். பின்பக்கமும் ஒட்டு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இறங்காத இடத்தைப் பின்னாலிருந்து ஒட்டுங்கள். நுண்துளை சோதிக்க எளிய வழி இருக்கிறது: பின்பக்கம் மண்ணெண்ணெய் பூசி, முன்பக்கம் சுண்ணாம்புத் தூளைத் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். துளை இருந்தால் வெண்மையில் ஒரு சின்ன ஈரப்புள்ளி தோன்றி மெல்ல விரியும். அந்தப் புள்ளியை அப்படியே விட்டு முலாம் ஏற்றினால் தொட்டி நீர் அதற்குள் தங்கும், பிறகு அங்கேதான் முதல் கறள் வரும். எண்ணெயை முழுதாகக் கழுவி, துளையைத் துளைத்துத் திறந்து, மறுபடி ஒட்டுங்கள். பித்தளைக் கம்பியால் ஒட்டுவதும், ஈயம் உருக்கி நிரப்புவதும் சிலரது வழக்கம். மினுக்கும் சாணையில் அவை இரும்பைவிட வேகமாகத் தேய்ந்து பள்ளமாகும். பொடி வேலைக்குப் பூசும் பட்டியைப் பற்றிக் கேள்வியே இல்லை: அதில் மின்சாரம் ஓடாது, முலாம் ஒட்டாது, சூடான தொட்டியில் கழன்று விழும்.

முகத்திலுள்ள போல்ற் ஓட்டைகளையே அடைப்பதாக முடிவெடுத்திருந்தால், பம்பரை எதில் பிடித்து வைப்பது என்பதை அதற்கு முன்பே தீர்க்க வேண்டும். பிளேற்றின் உட்புற முகத்தில் நேரே ஸ்ரட் (தலையில்லாத மரைக் கம்பி) ஒட்டினால் வெளியே வட்டமாகச் சூட்டுத் தழும்பு வரும். பாரமும் ஒரே புள்ளியில் விழும். 25 மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டைக் கம்பியை உள்வளைவுக்கு ஏற்ப வளைத்து, அதன் இரு முனையையும் பம்பரின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ஒட்டுங்கள். ஸ்ரட்டை, குறைந்தது 10 மில்லிமீற்றர், அந்தக் கம்பியில் ஏற்றுங்கள். முகம் தொடப்படாமல் இருக்கும். கம்பிக்கும் முகத்துக்கும் இடையில் 5 மில்லிமீற்றர் வெளி விடுங்கள், தொட்டி நீரும் மழைநீரும் வடிந்து போகட்டும். முன் பின் நம்பர் பிளேற் பூட்டும் வழியையும், பின் பிளேற் விளக்கின் இடத்தையும் மறந்து அடைத்துவிடாதீர்கள்.

கறள் தின்ற சிறு பள்ளங்கள் எல்லாவற்றையும் வெல்டிங்கால் நிரப்ப வேண்டியதில்லை. ஆழம் 0.2 மில்லிமீற்றருக்குள் என்றால் சுற்றிலும் பரவலாகத் தேய்த்தே எடுக்கலாம். மிக ஆழமானதை, அடியில் கறுப்பு இல்லாமல் சிறு துளைக்கும் பிற்றால் சுரண்டி, டிக்கால் ஒரு துளி வைத்து நிரப்புங்கள். கறுப்பு இருந்தால் துளி கொதித்துத் தெறிக்கும். நடுத்தரமானவற்றைச் செம்பு பார்த்துக்கொள்ளும். நல்ல பட்டறை அசிட் தொட்டியில் செம்பைத் தடிப்பாக ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றும். பள்ளம் அந்தச் செம்பில்தான் நிரம்பும். “டிரிபிள் குரோம்” என்று சொல்வது மூன்று தடவை குரோம் அல்ல. செம்பு, நிக்கல், குரோம் என்ற மூன்று உலோகம். பட்டறையில் விலை பேசும்போது செம்பு ஏற்றுவார்களா, ஏற்றித் தேய்ப்பார்களா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்.

வெல்டிங் மேட்டை 80 நம்பர் ஃபிளாப் டிஸ்கால் கிட்டத்தட்டச் சமம் வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். இரும்பு நீலமாகும் அளவுக்கு ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாது. மிச்சம் அரத்துக்குரியது. அதன் பின் சான்ட் பேப்பர்: 80, 120, 180, 240, 320, 400. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்திய நம்பரின் கீறல் ஒன்றுகூடத் தெரியாத வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். 120இன் கீறலை விட்டுவிட்டு 320இல் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் அது போகாது, மினுக்கியதும் மேலே வரும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் வாய்க்கால் விழும். தட்டை இடத்துக்கு நீண்ட மரக்கட்டை, வளைவுக்குத் தடித்த ரப்பர் ஹோஸ் துண்டு.

இந்த நிலையில் பம்பரின் நிலையை அறிய ஒளியைத்தான் நம்ப வேண்டும். முகத்தை மண்ணெண்ணெயால் நனைத்து, நீளக் குழல் விளக்கின் கீழ் வைத்து, தலையை மெல்ல அசைத்து அதன் பிம்பம் பம்பரில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல முகத்தில் வெள்ளைக்கோடு தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும். அடைத்த ஓட்டைக்கு மேலே வரும்போது கோடு ஒரு கணம் இறுகி, பிறகு விரிந்தால், அங்கே வளையப் பள்ளம் இருக்கிறது. கை தடவியும் காணாத அந்தப் பள்ளத்தைக் கோடு காட்டிக்கொடுக்கும். இரவில் இதைச் செய்வது நல்லது. பகலின் சிதறிய வெளிச்சத்தில் எல்லாமே நேராகத் தெரியும்.

முலாமுக்கு அனுப்ப முன் காரில் பூட்டிப் பாருங்கள். எல்லா போல்ற்களையும் போட்டு, முழுதாக இறுக்கி, முதலில் அளந்த மூன்று இடைவெளியையும் சரிபாருங்கள். வளைக்க வேண்டியதை இப்போதே வளைக்க வேண்டும். குரோம் நொறுங்கும் தன்மையுள்ளது; முலாம் ஏறிய பம்பரை நெம்பிப் பொருத்தினால் அதில் மயிரிழை வெடிப்பு விழும், உப்பு அதற்குள் போகும். ஓட்டையைச் சற்று நீட்ட வேண்டியிருந்தால் பிராக்கெற்றில் நீட்டுங்கள், பம்பரில் அல்ல. பட்டறைக்குக் கொடுக்கும்போது எல்லாத் துண்டையும் எண்ணி, படம் எடுத்து, எழுதிக் கொடுங்கள். பாரம் தாங்கும் கடின உருக்கு போல்ற்களை முலாமுக்குக் கொடுக்காதீர்கள். தொட்டியில் ஐதரசன் உள்ளே புகுந்து, பிறகு இறுக்கும்போது தலை முறியக்கூடும்.

குரோமுக்குப் பணம் போதாவிட்டாலோ, நிறைய இடத்தில் புதுத் தகடு வைத்திருந்தாலோ, பெயின்ற் நல்ல தெரிவு. பேணியில் வரும் குரோம் ஸ்ப்ரேயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடித்த அன்று மினுங்கும், மேலே கிளியர் (நிறமில்லாப் பூச்சு) அடித்ததும் சாம்பலாகும், அடிக்காவிட்டால் கையோடு வரும். நேர்மையான சில்வர் பேஸ் கோட், மேலே கிளியர். அல்லது பொடியின் நிறத்திலேயே அடித்துவிடலாம்.

பெயின்ற் வேலையில் திருகோணமலை வைக்கும் முதல் பரீட்சை தண்ணீர். கரையோரக் கிணறுகள் பல உவர். உவர்த் தண்ணீரில் வோட்டர் பேப்பர் போட்டால் உப்பு முகத்திலேயே காய்ந்து நிற்கும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ற் அடித்தாலும் அந்த உப்பு படலத்தினூடாக ஈரத்தை இழுத்து, ஆறு மாதத்தில் குண்டூசித் தலைக் கொப்புளங்களை எழுப்பும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். வெறும் இரும்பைக் கடைசியாகச் சுடுதண்ணீரில் கழுவி, ஹீற் கன்னால் உடனே காய வைத்து, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்து, அதே மணித்தியாலத்தில் எப்பொக்சி பிரைமர் அடியுங்கள்.

இரண்டாவது ஈரப்பதன். முகத்தின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும். 30 பாகையில் 80 வீத ஈரப்பதன் என்றால் பனிபடுநிலை ஏறக்குறைய 26 பாகை. இரவு முழுவதும் குளிர்ந்த சீமெந்துத் தரையில் கிடந்த பம்பர் காலை ஏழு மணிக்கு 25, 26 பாகையில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பெயின்ற் விழும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை, காற்று அடங்கிய நாட்களில், ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அடிப்பது நல்லது. பம்பரை அதற்கு முன் வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கி நிழலுக்கு எடுங்கள். பின்னேரம் கடற்காற்று எழும்பிவிடும். கொம்பிரசர் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டே தொடங்குங்கள், காற்றுக் குழாய் வரிசையில் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியும் வேண்டும்.

எப்பொக்சிக்கு அடியில் 80 முதல் 180 நம்பர்க் கீறல் இருக்க வேண்டும். குரோமுக்கு 400 வரை மினுக்கிய இரும்பில் அது பிடிக்காது. கறள் மாற்றும் பொஸ்பரிக் திரவம் பூசியிருந்தால் அதை முழுதாகக் கழுவி எடுங்கள். மிஞ்சிய அசிட் எப்பொக்சியை இறுக விடாது. முன் பின் இரண்டு பம்பருக்கும், இரு பக்கமும் இரண்டு கோட் அடிக்க, கலந்த எப்பொக்சி அரை லீற்றர் வேண்டும். பட்டி பூசுவதென்றால் எப்பொக்சிக்கு மேலேதான், 2 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். சீக்கிரம் காயட்டும் என்று கூடப் போட்டால் மிச்ச ஹார்ட்னர் மேல் நிறத்தில் கறையாக ஊறி வரும். பிறகு பிரைமர் சேர்ஃபேசர் 300 மில்லிலீற்றர், 400, 600 என்று தேய்ப்பு, பேஸ் 300, கிளியர் 250. ஹார்ட்னர் கலந்த கிளியரில் ஐசோசயனேற் உண்டு. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது; வெளிக்காற்று ஊட்டும் முகமூடி உள்ளவரிடம் கொடுத்து அடிப்பது மேல்.

குரோமோ பெயின்றோ, பின்பக்கத்துக்கு ஒரே மருந்து. முலாம் முடிந்து வந்த பம்பரின் உட்புறத்தை 180ஆல் தேய்த்து மங்கலாக்கி, எண்ணெய் நீக்கி, எப்பொக்சி இரண்டு கோட், மேலே அலுமினியப் பெயின்ற். காய்ந்து ஒரு வாரம் கழித்து உட்குழிவு முழுக்க மெழுகு ஸ்ப்ரே. பிராக்கெற்றும் பம்பரும் தொடும் இடத்தில் நைலோன் அல்லது ரப்பர் வாஷரும் கிரீஸும். ஸ்டெயின்லெஸ் போல்ற் போடலாம்; சின்ன ஸ்டெயின்லெஸ், பெரிய உருக்கு என்ற சேர்க்கையில் பாதிப்புக் குறைவு, அதற்கும் வாஷர் கட்டாயம்.

பூட்டி முதல் 500 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள். புதுப் பெயின்றும் வாஷரும் அழுந்தி இறுக்கம் தளர்ந்திருக்கும். வாடைக் காலத்தில் வாரம் ஒரு தடவை, காரைக் கழுவாவிட்டாலும், பம்பரின் உட்புறத்துக்குக் குழாயை நீட்டி நல்ல தண்ணீர் அடியுங்கள். குரோமில் மேலோட்டமாகச் செம்புள்ளி வந்தால் ஸ்டீல் வூல் போடாதீர்கள். அதன் துகள்கள் சிக்கி அவையே கறளாகும். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் தேய்த்தால் போகும். துடைத்து மெழுகு பூசுங்கள். புரட்டாசி முடிய, மழை இறங்க முன், உட்புற மெழுகை ஒரு தடவை புதுப்பித்தால் போதும்.